எல்லா பஸ்ஸிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, ஆப்பும் இருக்கிறது. காத்திருக்கும் நேரம் மட்டும் ஏன் குறையவில்லை?

நிறுத்தநிழல் எழுதியது:

வணக்கம். பயணிகள் குழு ஒன்றில் இருக்கிறேன். விவரம் தெரிந்தவர்களின் யோசனை வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் நகரப் பேருந்துகள் எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் பொருத்தினார்கள். ஆப் வந்தது. சுவர் முழுக்கத் திரை வைத்த கட்டுப்பாட்டு அறையும் வந்தது. பஸ் எங்கே வருகிறது என்று ஆப்பில் தெரிகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரே எண்ணில் மூன்று பஸ் வால் பிடித்தபடி வருவது மட்டும் அப்படியே இருக்கிறது. முதல் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, மூன்றாவதில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இரவு வேலை முடித்து வரும் பெண்கள் அந்த அரை மணி நேரத்தை இருட்டில் நின்று கழிக்கிறார்கள், எனக்கு இதுதான் முதல் கவலை.

இப்போது அடுத்த கட்டம் என்று ஸ்மார்ட் கார்டு, நிறுத்தங்களில் மின்பலகை, பஸ்ஸுக்குள் கேமரா என ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். இருக்கிற பணத்துக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்காது. எதை முதலில் கேட்பது, எதைத் தள்ளிப்போடச் சொல்வது? வேறு நாடுகளில் எது உண்மையில் வேலை செய்தது?

—

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

டிப்போவில் டைம் கீப்பராக இருந்து, பிறகு கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன். மூன்று பஸ் சேர்ந்து வருவதற்கு டிரைவரைத் திட்டாதீர்கள், யாரும் தடுக்காவிட்டால் அது தானாகவே நடக்கும். ஒரு பஸ் சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடத்துக்கான ஆட்கள் கூடுதலாகச் சேர்ந்திருப்பார்கள், அவர்கள் ஏறி முடிக்க இன்னும் தாமதம், அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை, விறுவிறுவென்று வந்து முன்வண்டியின் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இதில் பயணி இழப்பது எவ்வளவு என்று ஒரு கணக்கு. மணிக்கு 6 பஸ் ஓடுகிறது. 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே 6 பஸ் இரண்டிரண்டாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் 10 நிமிடம். மும்மூன்றாக வந்தால் 15 நிமிடம். வண்டி குறையவில்லை, டீசல் செலவு அதேதான், சம்பளமும் அதேதான், காத்திருப்பு மட்டும் மூன்று மடங்கு.

இதைச் சரிசெய்யத்தான் ஜிபிஎஸ் வேண்டும், ஆப் எல்லாம் அதற்கப்புறம். வழித்தடத்தின் நடுவே இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, முன்வண்டியை ரொம்ப நெருங்கிவிட்ட பஸ்ஸை அங்கே ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி அனுப்ப வேண்டும். டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை போதும்: முன்வண்டி 4 நிமிடத்தில், பின்வண்டி 16 நிமிடத்தில். அதைப் பார்த்தாலே அனுபவமுள்ள டிரைவருக்கு என்ன செய்வது என்று புரியும்.

நான் இருந்த அறையில் என்ன நடந்தது என்றால், வண்டிகள் ஒட்டிக்கொண்டு போவதைத் திரையில் பார்ப்போம், ஆனால் ஒரு வண்டியை நிறுத்தி வைக்கவோ டிப்போவிலிருந்து ஸ்பேர் பஸ் அனுப்பவோ எங்களுக்கு அதிகாரம் கிடையாது. தகவல் எங்களிடம், அதிகாரம் டிப்போவில். போன் போட்டு அவர்கள் எடுத்துப் பேசி முடிப்பதற்குள் வண்டி கடைசி நிறுத்தத்துக்கே போய்விடும். கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சொன்னால் டிரைவர் கேட்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறதா?

—

வசூல்கணக்கு எழுதியது:

மேலே சொன்னது சரிதான், ஆனால் அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. அந்த டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எப்படிப் பணம் வருகிறது? வசூலைப் பொறுத்துத்தான் வருமானம் என்றால், நீங்கள் எந்தத் திரையை வைத்தாலும் அவர் நடுவழியில் நிற்க மாட்டார். இரண்டு நிமிடம் நின்றால் முன்னால் காத்திருக்கிற கூட்டத்தை இன்னொருவர் அள்ளிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அது அன்றைய சாப்பாடு.

கொலம்பியாவின் பொகோட்டாவில் இதற்குக் 'காசுச் சண்டை' என்றே பெயர் வைத்திருந்தார்கள், தனியார் பஸ்கள் ஒவ்வொரு பயணிக்காகவும் தெருவில் போட்டி போட்டு ஓடும். 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற புது பஸ் அமைப்பு தொடங்கியபோது பஸ்ஸுக்கென்று தனிப்பாதை, உயர மேடை நிலையம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்கள். பலர் கவனிக்காதது ஒப்பந்தம். பஸ் நடத்துபவருக்கு முக்கியமாக ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுப் பணம், டிக்கெட் வசூல் தனியாக வேறொருவர் கையில். அதன் பிறகு முன்வண்டியை முந்துவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஜகார்த்தாவிலும் டிரான்ஸ்ஜகார்த்தா 2004-ல் பெரிய பஸ்களோடு தொடங்கி, பின்னாளில் தெருவில் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த சிறிய வேன்களையும் உள்ளே சேர்த்தது, அவற்றுக்கும் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம். இங்கேதான் ஜிபிஎஸ் உண்மையாகவே காசு மிச்சப்படுத்தும், எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. (கிலோமீட்டருக்கு மட்டுமே பணம் கொடுத்தால் நிறுத்தத்தில் நிற்காமல் ஓட்டிக்கொண்டே போகிற ஆபத்தும் உண்டு. நிறுத்தம் தவறினால் பிடித்தம், இடைவெளி சீராக இருந்தால் ஊக்கத்தொகை என்று சேர்த்தே எழுத வேண்டும்.)

கார்டு விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பேன். கென்யாவில் 2007-லேயே எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்துவிட்டது, தெருவோர வியாபாரிகூட கைபேசியில் பணம் வாங்குகிற நாடு. அங்கே நைரோபியில் மட்டாட்டு என்று சொல்கிற தனியார் வேன்களில் 2014-ல் ரொக்கமில்லாக் கட்டணத்தைக் கட்டாயமாக்கப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மக்களுக்குக் கைபேசிப் பணம் பழக்கமில்லாமல் தோற்றுப்போனது என்று யாரும் சொல்ல முடியாது. வண்டி முதலாளிக்கு நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு மிச்சத்தில் பிழைக்கிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கார்டால் என்ன கிடைக்கும்? அன்றன்றைக்குக் கையில் வந்த காசு எங்கோ ஒரு கணக்குக்குப் போய்விடும். போதாததற்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல கார்டுகள் சந்தையில் இருந்தன. முதலில் மாதச் சம்பளம், அப்புறம் கார்டு.

—

தடம்வரைவோர் எழுதியது:

நைரோபி பேச்சு வந்ததால் அதே ஊரின் நல்ல பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மட்டாட்டு வேன்களுக்கு அதிகாரபூர்வமான வரைபடமே இல்லாமல் இருந்தது. நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள் வண்டி வண்டியாக ஏறி, கைபேசி ஜிபிஎஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்தையும் குறித்துக்கொண்டே போனார்கள். அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்களும் அதில் கூட்டு. டிஜிட்டல் மட்டாட்டுஸ் என்று பெயர். 2014-ல் சுமார் 130 வழித்தடங்களோடு வரைபடம் வெளியானது, தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே வைத்தார்கள். பஸ்ஸில் ஒரு கருவிகூடப் பொருத்தாமல் செய்த வேலை இது!

அவர்கள் அந்தத் தரவை வைத்தது ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில். 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது, இப்போது உலகம் முழுக்க இதுதான் பொதுமொழி. பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தங்கள், வழித்தடங்கள், நடைகள், நேரங்கள் என்று சில சாதாரண எழுத்துக் கோப்புகள், அவ்வளவுதான். நிலையான அட்டவணை இல்லாத வண்டிகளுக்கு 'இத்தனை நிமிடத்துக்கு ஒன்று' என்று மட்டும் எழுதவும் அதில் வழி இருக்கிறது.

நிறுத்தநிழல், நீங்கள் டெண்டரில் கேட்க வேண்டிய ஒரே வரி இது: தரவு முழுவதும் போக்குவரத்து அமைப்புக்கே சொந்தம், அது இந்தத் திறந்த வடிவத்தில் பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும். இந்த வரி இல்லாத ஒப்பந்தத்தோடு நான் பாடுபட்டிருக்கிறேன். கருவி விற்ற நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்ததும் பழைய தரவு ஒன்றும் கைக்கு வரவில்லை, அடுத்தவர் வந்து நிறுத்தங்களின் பெயரிலிருந்து மறுபடி தொடங்கினார். மூன்று வருட உழைப்பு. அந்தத் தரவு இருந்திருந்தால் எந்த வழித்தடத்தில் எந்த நேரம் வண்டிகள் ஒட்டிக்கொள்கின்றன என்று ஒரு மாலையில் சொல்லியிருக்கலாம்.

—

செவிவழி எழுதியது:

எனக்குப் பார்வை இல்லை. மின்பலகை வைத்தால் எனக்கு ஒரு பயனும் கிடையாது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அப்படித்தான். பஸ் நிற்கும்போது எண்ணையும் போகுமிடத்தையும் வெளியே கேட்கிற மாதிரி சொல்லும் ஒலிபெருக்கி, உள்ளே அடுத்த நிறுத்தத்தைச் சொல்லும் குரல், இவை இரண்டும் அதே ஜிபிஎஸ்ஸிலிருந்து வருபவைதான். புதிதாகப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு நான் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் நிற்பவரிடம் எண் என்ன என்று கேட்கிறேன். யாரும் இல்லாத நேரத்தில் என் பஸ் என் முன்னால் வந்து நின்று போய்விடும், எனக்கே தெரியாது.

ஆப்பில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் எழுதச் சொல்லுங்கள், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் 'பொத்தான், பொத்தான்' என்று மட்டும் படித்தால் அதை வைத்து நான் என்ன செய்வது? ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு, நிறுத்தத்தின் எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அடுத்த பஸ் எப்போது என்று பதில் வருகிற வசதியும் வேண்டும்.

—

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

வசூல்கணக்கு சொன்னதை ஏற்கிறேன், நான் வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் மாதச் சம்பளம் என்பதால் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை. செவிவழி சொன்னதைத் தனியாக ஒரு கோரிக்கையாகவே வையுங்கள், வேறு எதோடும் கலக்காதீர்கள், கலந்தால் கடைசியில் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, எதையும் ஒரே நாளில் நகரம் முழுக்க மாற்ற விடாதீர்கள். சிலியின் சான்டியாகோவில் 2007 பிப்ரவரி 10 அன்று பழைய பஸ் அமைப்பை நிறுத்திவிட்டு டிரான்ஸான்டியாகோவை ஒரே நாளில் கொண்டுவந்தார்கள். வழித்தடங்கள் மாறின, வண்டிகள் குறைந்தன, கார்டு வந்தது, ஆனால் பஸ்களைக் கண்காணித்து நடத்த வேண்டிய ஜிபிஎஸ் ஏற்பாடு அன்றைக்குத் தயாராக இல்லை. மெட்ரோவில் கூட்டம் பிதுங்கியது, கடைசியில் அந்நாட்டு அதிபர் மிச்செல் பச்செலெட் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இதற்கு நேரெதிர் பிரேசிலின் குரிட்டிபா. 1974-ல் பஸ்களுக்குத் தனிப்பாதையில் தொடங்கி, ஏறுமுன்பே கட்டணம் வாங்குகிற குழாய் வடிவ நிலையங்களுக்கு வந்துசேர்ந்தது 1991-ல். ஏறும்போது சில்லறை தேடுகிற நேரம் போய்விட்டது, அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி சீக்கிரம் கிளம்புகிறது. பஸ் கூட்டமாக ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு மருந்து.

—

நிறுத்தநிழல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆப் சரியில்லை என்று புகார் எழுதி வைத்திருந்தேன், அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இரவு நேரப் பெண்கள் அதிகம் போகிற ஒரே ஒரு வழித்தடத்தில் ஆறு மாதம் இடைவெளி பிடித்து ஓட்டிக் காட்டுங்கள், கட்டுப்பாட்டு அறைக்கு நிறுத்தி அனுப்பும் அதிகாரம் கொடுங்கள் என்று கேட்கப்போகிறோம். ஒலி அறிவிப்பு தனிக் கோரிக்கை. தரவு பற்றிய வரியும் தனியாக.

அதற்கு முன் இப்போது எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதை நாங்களே அளந்து வைக்க நினைக்கிறோம். சனிக்கிழமை மாலை 6 முதல் 10 வரை நான்கு நிறுத்தங்களில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரப்போகிறோம். எதை எதைக் குறிக்க வேண்டும்?

—

தடம்வரைவோர் எழுதியது:

சனிக்கிழமை மட்டும் போதாது, நடுவார நாட்களில் இரண்டு மாலையாவது உட்காருங்கள். வழித்தட எண், வண்டியின் பதிவெண், வந்த நேரம், கிளம்பிய நேரம், ஏற முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர். நிற்காமல் போன வண்டியையும் கட்டாயம் எழுதுங்கள், ஜிபிஎஸ் பதிவில் அது வந்துபோன மாதிரிதான் இருக்கும். எல்லோருடைய கைபேசிக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டுகளைப் படமெடுத்து இங்கே போட்டால் நான் தட்டச்சு செய்து இடைவெளியைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.