அக்காவுக்கு வந்த ஆஸ்பத்திரி பில்: அமெரிக்காவில் எல்லாருக்கும் இப்படித்தானா?

உப்புவெளியான்:
நியூ ஜெர்சியில் இருக்கிற அக்கா நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பினார். வயிற்றுவலி என்று எமெர்ஜென்சிக்குப் போயிருக்கிறார், ஸ்கேன் எடுத்து சேலைன் ஏற்றி ஐந்து மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 11,400 டொலர்! மாதாமாதம் சம்பளத்தில் இன்சூரன்ஸுக்கு வெட்டுகிறார்கள், அப்படியிருந்தும் 3,200 அவர் கையால் கட்ட வேண்டுமாம். அம்மாவுக்கு ரூபாயில் சொல்லவில்லை, சொன்னால் பிரஷர் ஏறிவிடும். போன மாதம் அப்பா இங்கே இலங்கையில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். எங்களுக்குச் செலவு ஆட்டோவுக்கும், வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்த ஒரு ஊசிமருந்துக்கும்தான். ஒபாமா இன்சூரன்ஸ் சட்டம் கொண்டுவந்தாரே, அப்புறமும் ஏன் இப்படி?

கிண்ணியா தம்பி:
அண்ணா, நான் கொழும்பில் ஒரு கம்பனியில் இரண்டு வருடம் இரவு வேலையாக இந்த பில்களைத்தான் சரிபார்த்தேன். அந்த 11,400 உண்மையான விலையே இல்லை. ஆஸ்பத்திரி தன் பட்டியலில் ஒரு விலை போட்டு வைத்திருக்கும், ஒவ்வொரு இன்சூரன்ஸ்காரனும் பேரம் பேசி ஒவ்வொரு விலைக்கு இறக்குவான், ஒரே ஸ்கேனுக்கு ஒரே கட்டடத்தில் நாலைந்து விலை. அக்காவின் 3,200 டிடக்டபிளாக இருக்கும், அதாவது வருடத்தில் இவ்வளவு வரைக்கும் உங்கள் காசு, அதற்கு மேல்தான் அவர்களும் பங்கு போடுவார்கள்.

அங்குள்ளவர்கள் மற்ற பணக்கார நாட்டுக்காரர்களைவிட அதிக தடவை டொக்டரிடம் போவதில்லை. விலைதான் அதிகம். 2023இல் நாடு முழுக்க வைத்தியத்துக்கு 4.9 டிரில்லியன் டொலர் செலவு, ஆளுக்கு 14,500க்கு மேல்.

அக்காவை உடனே கிரெடிட் கார்டில் கட்டவேண்டாம் என்று சொல்லுங்கள், கட்டினால் அது சாதாரணக் கடனாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பில்லைக் கேட்கட்டும். இலாப நோக்கில்லாத ஆஸ்பத்திரி என்றால் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித்திட்டம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம், ஆனால் கேட்காமல் சொல்லமாட்டார்கள். ஸ்கேனைப் பார்த்த டொக்டர் நெட்வேர்க்கில் இல்லை, அதாவது அக்காவின் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாதவர் என்று தனி பில் வந்தால், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி எமெர்ஜென்சிக்கு அப்படிக் கூடுதலாக அறவிட முடியாது. தரைவழி ஆம்புலன்ஸை மட்டும் அந்தச் சட்டத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அது பெரிய ஓட்டை.

ஓய்வு வாத்தியார்:
இதன் வேர் இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. 1942இல் சம்பளத்தை உயர்த்தக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள், முதலாளிமார் சம்பளத்துக்குப் பதிலாக இன்சூரன்ஸ் கொடுத்து ஆள் பிடித்தார்கள், பிறகு அதற்கு வரிவிலக்கும் கிடைத்து வேலையும் வைத்தியமும் ஒரே கயிற்றில் கட்டுப்பட்டுவிட்டன. 1965இல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகேய்ட் என்று அரசு இன்சூரன்ஸ் வந்தது. 2010இல் ஒபாமா செய்தது, ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று இன்சூரன்ஸ் மறுப்பதைத் தடுத்ததும், இன்சூரன்ஸ் இல்லாமல் வெளியே நின்ற சுமார் இரண்டு கோடிப் பேரை உள்ளே சேர்த்ததும். விலையை அவர் பெரிதாகத் தொடவில்லை. மற்றவர்களும் வாங்கக்கூடிய ஒரு இன்சூரன்ஸை அரசே நடத்தும் யோசனை செனட்டில் அடிபட்டுப் போனது.

மருந்து விலையில் மெடிகேர் பேரம் பேசக்கூடாது என்று 2003இல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள் தம்பி! 2022இல்தான் கொஞ்சம் திறந்தது, மெடிகேரில் உள்ளவருக்கு இன்சுலின் மாதம் 35 டொலருக்கு மேல் போகாது.

நிலாவெளி மருமகள்:
எல்லாம் சரி, இங்கே இலவசம் என்று ரொம்பப் பெருமைப்படவேண்டாம். 2022 மருந்துத் தட்டுப்பாட்டில் மாமிக்குப் பிரஷர் குளிசை தேடி நான்கு பாமசி ஏறி இறங்கினேன். கிளினிக்குக்கு விடிய முன்னமே போய் நம்பர் எடுக்கிறோம். அங்கே பில்லில் வருவது இங்கே நேரத்தில் போகிறது.

உப்புவெளியான்:
தம்பி, அக்கா பில்லை விரித்துக் கேட்டிருக்கிறார். ஸ்கேன் இரண்டு தடவை போட்டிருக்கிறதாம், எடுத்தது ஒன்றுதான். திருத்தி அனுப்புகிறோம் என்றார்களாம். உதவித்திட்டம் பற்றிக் கேட்க மறந்துவிட்டார், இன்று இரவு திரும்ப எடுப்பார்.