தொட்டிக்கு வந்த தண்ணீர், குடத்துக்கு வந்த தண்ணீர்

கடைசித்தெரு:

ஏர்வாடிக்கும் மூக்கையூருக்கும் நடுவில் கடலை ஒட்டின ஊர் எங்களுடையது. அரசு ஊழியரை மிரட்டும்போது "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஊரில் தள்ளுவண்டி இல்லாத வீடு கிடையாது. எட்டுக் குடம் வைக்க இரும்பு வளையம் போட்ட வண்டி. சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அம்மா காலத்தில் பனங்காட்டு மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். மெல்லக் கோரினால் நல்ல தண்ணீர். மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடும். இரண்டு தோப்புக்காரர்கள் போர்வெல் போட்டார்கள், எங்கள் ஊற்று அதோடு சரி.

அப்புறம் 1990களின் கடைசியில் நரிப்பையூரில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2010 வாக்கில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது. திருச்சிப் பக்கம் ஆற்று மணலில் எடுக்கிற தண்ணீர், புதுக்கோட்டையும் சிவகங்கையும் கடந்து எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது. நினைத்துப் பார்த்தால் பெரிய காரியம்தான். ஊர்த் தொட்டி வரை கொண்டுவந்து விடுவது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தொட்டியிலிருந்து தெருவுக்கு விடுவது ஊராட்சியின் பொறுப்பு. 1994ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தின் 110ஆம் பிரிவு குடிநீர், தெருவிளக்கு, ரோடு, வடிகால், சுடுகாடு என்று எல்லாவற்றையும் ஊராட்சியின் கடமையாகவே சொல்கிறது.

2022 மே 1 கிராமசபையில் அறிக்கை படித்தார்கள். "வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், அனைத்துத் தெருக்களுக்கும் குடிநீர் வழங்கப்படுகிறது." எங்கள் தெருப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். தலைவருக்குக் கோபம். "பதிவேட்டுல இருக்கிறதத்தான படிக்கிறாரு, இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். நான் சுயஉதவிக்குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். அன்றைக்கு ராத்திரியே மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், கடைசி வீட்டுக்கு எத்தனை குடம். நானும் இன்னும் இரண்டு பேரும் மாறி மாறி நூறு நாள் எழுதினோம்.

எழுதி முடித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் என்னைக் கொஞ்சம் வெட்கப்படவே வைத்தது. பதிவேடு பொய் சொல்லவில்லை. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வால்வைத் திறந்திருக்கிறார்கள். எப்போது? காலை ஆறு மணிக்கு. கரையில் மீன் ஏலம் நடக்கிற நேரம் அது. எங்கள் தெருப் பெண்கள் அன்னக்கூடையோடு அங்கே நிற்போம். வீட்டில் இருப்பது கிழவிகளும் பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைகளும்தான். போதாததற்கு முதல் தெருவில் பாதி வீடு குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சும். அவர்கள் சம்ப் நிறைவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும். எங்கள் தெரு மணல் மேடு வேறு. மிச்சத் தண்ணீருக்கு மேடேற எங்கே தெம்பு?

கணக்கையும் போட்டேன். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. குடம் 15 லிட்டர் என்று வைத்தால் ஆளுக்கு நாலு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் தெருவில் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்குப் பத்துக் குடம் வந்தது. ஆளுக்குப் பத்து லிட்டர். குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணீர். குடிக்கப் போதாவிட்டால் வண்டிக்காரரிடம் குடம் பத்து ரூபாய்க்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆம்பளைகளும் வீட்டில், வெயிலும் உச்சத்தில், கையிலும் காசு கிடையாது. வண்டித் தண்ணீருக்குச் செலவு அதிகமானதும் அந்த மாதங்களில்தான்.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் நோட்டை வாசித்தேன். "மீன்காரிக்கு நோட்டு எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் நிறுத்தவில்லை. வாசித்து முடித்ததும் யாரும் எதிர்பார்க்காமல் தொட்டி ஆபரேட்டர் எழுந்தார். எங்கள் தெருவுக்குத் தனி வால்வு ஏற்கெனவே இருக்கிறதாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் மூன்று வருஷமாக மண்ணுக்குள் கிடக்கிறதாம்.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் தலைவர்.

"சொன்னேன்ணே. எழுதிக் குடுன்னு சொன்னீங்க. எனக்கு எழுத வராதுண்ணே."

கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. அவர் சம்பளத்துக்கு அவர் பார்க்கிற வேலை மோட்டார், வால்வு, குளோரின், தெருவிளக்கு சுவிட்ச் என்று நீளும். மூன்று வருஷத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

ஒன்றரை மாதத்தில் புது வால்வு வந்தது. எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணி என்று முறை மாற்றினார்கள். உறிஞ்சு மோட்டார் ஐந்தைக் கழற்றினார்கள். அதில் இரண்டு திரும்ப வந்துவிட்டது, யாருடையது என்று ஊருக்கே தெரியும். இப்போது மூன்று நாளைக்கு இருபது குடம். ஆளுக்கு இருபது லிட்டர்.

உங்கள் ஊரில் எப்படி?

தொண்டிப் பக்கம்:

எங்களுக்குத் தெருவிளக்கு. கம்பத்துக்குச் சொந்தக்காரர் மின்வாரியம், விளக்குக்குச் சொந்தக்காரர் ஊராட்சி. கரைக்குப் போகிற பாதையில் விளக்கு மாட்டின கிளாம்ப் உப்பில் அரித்துத் தொங்கியது. ஊராட்சி ஆள் ஏறணும் என்றால் லைனை நிறுத்தணும். லைனை நிறுத்துகிறவர் வருகிற நாளில் ஊராட்சி ஆள் வரமாட்டார். இரண்டு மாதம். அந்தப் பாதையில்தான் ராத்திரி இரண்டு மணிக்கு வலையைத் தூக்கிக்கொண்டு போகணும். கடைசியில் தர்கா கந்தூரிக்கு சீரியல் லைட் போட இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தார்கள். பிரியாணியைக் கையில் கொடுத்து அப்படியே பாதைக்குக் கூட்டிப்போனோம். பத்து நிமிஷ வேலை அக்கா.

சந்துக்காரர்:

எங்களுடையது நகராட்சி ஊர், பெயர் வேண்டாம். குப்பைக்கு மின்கல வண்டி கொடுத்திருக்கிறார்கள். நல்ல வண்டி. எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்கணும், அதில் வண்டி எப்படி நுழையும்? முனையில் நின்று விசில் அடிப்பார்கள். மாடியிலிருக்கும் லாத்தாமார் இறங்கி வருவதற்குள் வண்டி போய்விடும். பிறகு குப்பை எங்கே போகும் என்று சொல்லணுமா? பழைய தள்ளுவண்டியே எங்களுக்குப் பொருத்தம். எழுதிக் கொடுத்திருக்கிறோம். நோட்டு யோசனை நல்லாயிருக்கு, விசில் அடிக்கிற நேரத்தை எழுத ஆரம்பிக்கலாம்.

முன்னாள் வார்டு:

சகோதரி, நோட்டு நல்ல வேலை. ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து, எங்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். ஒரே அலுவலர் பொறுப்பில் எத்தனை ஊராட்சி! 2016க்குப் பிறகும் மூன்று வருஷம் இப்படித்தான் ஓடியது. தலைவர் என்றால் டீக்கடையில் வைத்துச் சட்டையைப் பிடிக்கலாம். ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறிப் போய் யார் சட்டையைப் பிடிப்பது?

இரண்டு, பணம். ஊராட்சிக்கு மூன்று கணக்கு உண்டு. கரண்டு பில்லுக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் போவது இரண்டாம் கணக்கு. கிராமசபையில் அதை வாசிக்கச் சொல்லுங்கள், பாதி கதை அதில் இருக்கிறது. 110ஆம் பிரிவு கடமையைச் சொல்லும், காசு தராது. கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். உங்கள் தெருவில் எத்தனை வீடு மாதாமாதம் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறது?

கடைசித்தெரு:

கோபம் இல்லை அண்ணே. கேள்வி சுருக்கென்று குத்தியது, அதனால்தான் பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

தெருவில் 43 வீடு. போன மாதம் கட்டினது 11. என் வீடு அதில் இல்லை. தடைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டோம், முடிந்தும் கட்டவில்லை. வண்டிக்காரருக்குக் குடம் பத்து ரூபாய் என்று முனகாமல் கொடுத்த கை, ஊராட்சி ரசீதுக்கு மட்டும் ஏன் நீளவில்லை என்று யோசித்தேன். வண்டிக்காரர் காசு வாங்கினால் அந்த நிமிஷமே குடத்தில் தண்ணீர் விழும். ரசீதுக்கு அப்படி விழுந்ததில்லை. காரணம் அதுதான், நியாயம் என்று சொல்ல வரவில்லை.

நேற்று எல்லாப் பாக்கியையும் கட்டிவிட்டேன். நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன், கட்டணம் கட்டினவர் எத்தனை பேர் என்று. பக்கத்து வீட்டு மைனிக்கு அந்தக் கட்டம் பிடிக்கவில்லை. "எங்களக் காட்டிக் குடுக்கவா நோட்டு போட்ட?" என்கிறாள். மூன்று நாளாகப் பேச்சு இல்லை. குடம் மாற்றிக்கொள்வதுகூட இல்லை.

தனி அலுவலருக்கு நோட்டின் நகலை எடுத்து அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் கணக்கை அடுத்த கிராமசபையில் கேட்பேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு வந்தது, நாலே முக்காலுக்கு நின்றது. கடைசி வீட்டுக்கு எட்டுக் குடம்.