ஹார்ட் ரேட் ஏறாம சைக்கிளிங் ஸ்டாமினா கூட்டுறது எப்படி?

கேள்வி: டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னுட்டாரு, ஆனா ஹார்ட் ரேட்ட 120க்கு மேல விடாதீங்கன்னாரு. சின்ன மேடு வந்தாலே 135 போயிடுது, என்ன பண்றது?

பதில் 1: மேடு வர்றதுக்கு முன்னாடியே லைட் கியருக்கு மாத்திட்டு, வேகத்தப் பத்தி கவலப்படாம லேசா மிதிங்க, அப்பவும் ஏறுச்சுன்னா இறங்கி தள்ளிட்டுப் போங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. மூச்சு வாங்காம முழுசா பேச முடியணும், அதான் உங்க வேகம். முதல்ல ஓட்டுற நேரத்தக் கூட்டுங்க.

பதில் 2: வெயில்லயும், தண்ணி குடிக்காம ஓட்டுனாலும் அதே வேகத்துக்கே துடிப்பு தானா ஏறும், காலையிலயே கிளம்பிடுங்க. பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பக் குறைக்கிற மாத்திரை) சாப்பிடுறீங்களா? அப்படின்னா அதிகபட்ச ஹார்ட் ரேட் கண்டுபிடிக்க 220ல வயசக் கழிக்கிற கணக்கு ஒத்துவராது.

கேட்டவர்: ஆமா சார், சாப்பிடுறேன்.

பதில் 2: அப்போ டாக்டர் சொன்ன நம்பர்தான். நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரி போங்க ப்ளீஸ்.