பட்டை நிறைய, வேகம் குறைய: லேப்டாப்புக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் நடுவில் நீங்கள் கண்டுபிடித்தது என்ன?

சேனல்36 எழுதியது:

அலுவலக வைஃபை பற்றி வரும் புகார்களைப் பார்ப்பதுதான் என் வேலை. "சிக்னல் நல்லாத்தான் இருக்கு, நெட்தான் ஓடல" என்பதுதான் அதில் அதிகம். சொல்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் திரையில் தெரியும் பட்டை, ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) பேசுவது லேப்டாப்புக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். லேப்டாப் பேசுவது கூரையில் இருக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்குக் கேட்கிறதா என்பது அதில் தெரியாது. என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரு மாடி முழுக்க ஒரே புகார். வீடியோ மீட்டிங்கில் எதிரில் இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கிறது, இவர்கள் பேசுவது அங்கே உடைந்து உடைந்து போகிறது. வருவது சரி, போவது மட்டும் கெடுகிறது என்றால் இணைய இணைப்பைச் சந்தேகிப்பதற்கு முன் ரேடியோவைப் பார்க்க வேண்டும். ஒருவருடைய இருக்கைக்கு நேர் மேலேயே ஆக்சஸ் பாயிண்ட் இருந்தது. அவர் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "நெட்ஷ் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ்" கொடுத்தேன். அதில் வந்த பிஎஸ்எஸ்ஐடி (ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டுக்கும் உரிய அடையாள எண்) தலைக்கு மேல் இருந்ததுடையது இல்லை, நுழைவாயில் பக்கம் இருந்ததுடையது. காலையில் உள்ளே நுழையும்போது பிடித்ததை லேப்டாப் அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

சிக்னல் 66 சதவீதம் என்று காட்டியது. விண்டோஸ் காட்டும் சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழித்தால் கிட்டத்தட்ட டிபிஎம் (சிக்னல் சக்தியை அளக்கும் அலகு) கணக்கு வந்துவிடும். அதாவது −67. பேச்சுக்கும் வீடியோவுக்கும் போதும் என்று வடிவமைப்பவர்கள் வைத்துக்கொள்ளும் எல்லையே அதுதான். அதனால் லேப்டாப்புக்கு வேறு இடம் தேடத் தோன்றவில்லை. வேறு ஆக்சஸ் பாயிண்டுக்கு எப்போது தாவுவது என்பதை முடிவு செய்வது லேப்டாப்தான். 802.11கே, 802.11வி என்ற வைஃபை தரநிலைகள் இரண்டும் ஆக்சஸ் பாயிண்ட் சொல்லும் யோசனைகள் மட்டுமே, லேப்டாப் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

மறுமுனையில் என்ன நடந்தது என்று பார்த்தால், ஆக்சஸ் பாயிண்டுகள் எல்லாம் முழுச் சக்தியில் வைக்கப்பட்டிருந்தன. லேப்டாப்பின் ரேடியோ அவ்வளவு சக்தியில் அனுப்பாது, 15 டிபிஎம் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். ஒருவர் கையில் ஒலிபெருக்கி, மற்றவருக்கு வெறும் தொண்டை. தூரத்து ஆக்சஸ் பாயிண்ட் பேசுவது லேப்டாப்புக்கு நன்றாகக் கேட்கிறது, லேப்டாப் பதில் சொன்னால் அங்கே போய்ச் சேருவதில்லை. திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. அப்படி வீணாகும் ஒவ்வொரு நொடியும் அந்தச் சேனலில் இருக்கும் மற்ற எல்லோருடைய நேரமும்தான்.

செய்தது இவ்வளவுதான். 5 கிகாஹெர்ட்ஸில் சக்தியை லேப்டாப்பின் அளவுக்குப் பக்கத்தில் இறக்கினோம். தூரத்திலிருந்து மெதுவாகப் பேசும் லேப்டாப்கள் ஒட்டிக்கொண்டே இருக்காதபடி, குறைந்தபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினோம். அப்புறம் சேனல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40-க்குக் குறைத்தோம். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது தனியாக ஒரு ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும் இடத்தில் சரி. ஒரு மாடியில் பல இருந்தால், ரேடார் சேனல்களை (ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களை) ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில் 80 மெகாஹெர்ட்ஸுக்குப் பல நாடுகளில் மிஞ்சுவது இரண்டே சேனல்கள். பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயிண்டுகள் ஒன்றுக்கொன்று காத்துக்கிடக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு, மறு அனுப்புதல் எவ்வளவு என்று கன்ட்ரோலரில் (ஆக்சஸ் பாயிண்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் கருவியில்) பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டோம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

வைஃபை டிரைவரில் இருக்கும் "ரோமிங் அக்ரெசிவ்னெஸ்" (எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும் என்ற) அமைப்பை முதலிலேயே உச்சத்துக்கு ஏற்றுபவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் பக்கம் சரியாக இல்லாதபோது அதை ஏற்றினால் லேப்டாப் ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

கம்பிக்காரன் எழுதியது:

எனக்கு வந்தது ரேடியோ சம்பந்தமே இல்லாதது. ஒரு அறையில் மட்டும் எந்த லேப்டாப்பை வைத்தாலும், எங்கே உட்கார்ந்தாலும், ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவி) சோதனை 94 எம்பிபிஎஸ் பக்கத்தில் போய் நின்றுவிடும். வைஃபை லிங்க் வேகம் மட்டும் 800-க்கு மேல் காட்டும். ரேடியோ கெட்டிருந்தால் எண் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. 94 என்றாலே 100 எம்பிபிஎஸ் கேபிள் இணைப்புதான் நினைவுக்கு வர வேண்டும். ஆக்சஸ் பாயிண்டின் கேபிள் போய்ச் சேரும் ஸ்விட்ச் போர்ட்டைப் பார்த்தேன், 100 என்றே இருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி கனெக்டரில் சரியாக உட்காரவில்லை. புது கனெக்டர் அடித்ததும் சரியாகிவிட்டது.

போர்ட்டைப் பார்க்கும்போதே, அதே கேபிளில் ஆக்சஸ் பாயிண்டுக்குப் போகும் மின்சாரத்தையும் பாருங்கள். 802.3ஏஎஃப் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்குக் கொடுப்பது 15.4 வாட். அதைவிட அதிக மின்சாரம் தரும் 802.3ஏடி-யை எதிர்பார்க்கும் ஆக்சஸ் பாயிண்டை அதில் மாட்டினால், சில மாடல்கள் அணையாது. சத்தமில்லாமல் சில ஆன்டெனாக்களை மட்டும் நிறுத்திவிடும்.

இரவுப்பணி எழுதியது:

ஒரே ஒருவருக்கு மட்டும், அதுவும் மேஜையில் இருக்கும்போது மட்டும் மெதுவாக இருந்தது. மீட்டிங் அறைக்கு எடுத்துப்போனால் பறக்கும். வயர்லெஸ் மவுஸும் விட்டுவிட்டு நகர்கிறது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் துப்பு. லேப்டாப்பின் பக்கவாட்டில் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அந்த வேகத்தில் தரவு ஓடும்போது கிளம்பும் இரைச்சல், வைஃபையும் வயர்லெஸ் மவுஸும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், மவுஸின் ரிசீவரை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினேன். அவ்வளவுதான்.

பழையரேடியோ எழுதியது:

சேனல்36 ரேடார் சேனல்கள் என்று தொட்டுவிட்டுப் போனார், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் சிக்னல் கேட்டால் ஆக்சஸ் பாயிண்ட் உடனே இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும், அது சட்டம். புதிய ரேடார் சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம். ஒரே ஆக்சஸ் பாயிண்டில் இருக்கும் எல்லா லேப்டாப்பும் ஒரே கணத்தில் விழுந்தால் லேப்டாப்பைத் தொடாதீர்கள், ஆக்சஸ் பாயிண்டின் லாகில் ரேடார் என்று தேடுங்கள்.

நேரத்தை ஒப்பிட விண்டோஸில் "நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்" இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கொடுக்க வேண்டும். கடந்த மூன்று நாளில் இணைப்பு எப்போது அறுந்தது, என்ன காரணம் என்று படம் போட்டே காட்டும். இவ்வளவு நல்ல கருவியைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சேனல்36 எழுதியது:

கம்பிக்காரன் சொன்னதை என் சோதனை வரிசையில் முதலில் வைக்கப்போகிறேன். இரவுப்பணி, பேட்டரியில் மட்டும் மெதுவாகும் லேப்டாப்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பவர் பிளானில் வயர்லெஸ் அடாப்டரை "மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்" ஆக்கியதும் சரியானவை இங்கே சில உண்டு. அப்படியும் அசையாத ஒன்று இப்போது என் மேஜையில் இருக்கிறது. டிரைவர் புதியது, பிஎஸ்எஸ்ஐடி சரி, −52 டிபிஎம். சார்ஜரைப் பிடுங்கினால் பிங் தாறுமாறாகிறது. யாராவது இதைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.