மறு: நர்சிங் அசிஸ்டென்ட், தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

நர்சிங் அசிஸ்டென்டுக்குத் தமிழ்ப் பெயராக நம் குழுவில் இதுவரை வந்த சொற்களில் ‘துணைச் செவிலியர்’, ‘செவிலியர் உதவியாளர்’ இரண்டுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு இரண்டும் வேண்டாம்.

‘துணைச் செவிலியர்’ ஏற்கெனவே வேறொருவருக்குப் போய்விட்ட பெயர். ஏ.என்.எம். (ஆக்சிலரி நர்ஸ் மிட்வைஃப்) என்ற இரண்டாண்டுப் படிப்பை முடித்துப் பதிவும் செய்துகொண்டு, துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடுகிறவர் அவர். நாம் பெயர் தேடுவது வார்டில் ஆயாம்மா என்று கூப்பிடப்படுகிறவருக்கும், வீட்டோடு வந்து முதியவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கும்.

‘செவிலியர் உதவியாளர்’ என்றால் நாளடைவில் வால் உதிர்ந்து ‘செவிலியர்’ மட்டும் நிற்கும். எங்கள் மன்னார்குடி பக்கம் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, அப்பா அம்மாவுக்கு ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அவரை ‘ஹோம் நர்ஸ்’ என்கிறோம், அப்புறம் நர்ஸ்தானே என்று குளுக்கோஸ் பாட்டிலையும் ஊசியையும் கையில் கொடுத்து “நீயே ஏத்திடும்மா” என்கிறோம். அவர் கற்றது அதை அல்ல, ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் பழி முழுக்க அவர் தலையில்தான். அதனால் பெயரில் செவிலி என்ற பகுதியே வரக்கூடாது என்பது என் கட்சி.

‘உதவியாளர்’ என்பதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சி கொடுப்பதையே பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் உள்ளே இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி. படுத்தவாக்கில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். இரண்டு மணிக்கொரு தரம் ஒருக்களித்துப் போடும்போது குதிகாலையும் இடுப்பெலும்பு மேட்டையும் பார்க்க வேண்டும், சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். இதை முதலில் கண்டு சிஸ்டரிடம் சொல்கிறவர் பெரும்பாலும் இவர்தான், ஏனென்றால் நாள் முழுக்க நோயாளியைத் தொட்டுக்கொண்டிருப்பவர் இவர். இதை எடுபிடி வேலை என்று எப்படிச் சொல்வது?

கும்பகோணத்து ஐயா எடுத்துத் தந்த 950ஆம் குறள் எனக்கும் பிடித்தது. நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நிறுத்தாமல் ‘உழைச்செல்வான்’ என்று நான்காவதாக ஒருவரையும் மருத்துவத்தின் உறுப்பாக வள்ளுவர் சேர்க்கிறார். உழை என்றால் பக்கம், நோயாளியின் பக்கத்திலிருந்து கவனிப்பவர் உழைச்செல்வான். ஆனால் அதிலிருந்து ‘உழையர்’ என்று எடுத்தால், ஐயா, இன்றைக்குக் கேட்பவர் காதில் உழைப்பு மட்டும்தான் விழும், பழைய வழக்கிலோ அதற்கு ஏவலர் என்ற பொருளும் உண்டு. திருவாரூர் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் எழுதினால் ஒருவருக்கும் விளங்காது.

என் பரிந்துரை: பேணுநர். ‘பராமரிப்பாளர்’ என்பதை வீட்டு உறவினர்களுக்கு விட்டுவிடலாம், சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் உரியவர் பேணுநர். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டிலும் (2008) மருத்துவமனையில் இந்த வேலை பார்ப்பவருக்கு 5321, வீட்டுக்குப் போகிறவருக்கு 5322 என்று தனித்தனி எண்தான். ‘மருத்துவமனைப் பேணுநர்’, ‘இல்லப் பேணுநர்’ என்றால் இரண்டும் அமைந்துவிடும். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இந்த வேலைக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று 1987இலேயே சட்டம் போட்டார்கள். அங்கே ‘சர்டிஃபைடு நர்சிங் அசிஸ்டென்ட்’ என்பவரைப் பற்றி எழுதும்போது ‘சான்று பெற்ற பேணுநர்’ என்று இயல்பாக வருகிறது. இங்கிலாந்தில் 2019 முதல் பதிவு பெறும் நர்சிங் அசோசியேட் இவருக்கும் செவிலியருக்கும் இடைப்பட்டவர், அந்தப் பெயருக்குத் தனி விவாத இழை தொடங்கலாம்.

‘நோயர் பேணுநர்’ என்று முழுசாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லையே, அதனால் வேண்டாம் என்று நினைக்கிறேன். வார்டில் வேலை பார்க்கும் சிஸ்டர்கள் நம்மோடு இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்: டூட்டி சார்ட்டில் ‘பேணுநர்’ என்று எழுதினால் உறுத்துமா?