எப்போதாவது புகைக்கும் மாணவர்களிடம் எப்படிப் பேசுவது?

குழுவினருக்கு வணக்கம். கல்லூரி விடுதிக் காப்பாளர் என்ற முறையில் உங்கள் உதவியை நாடுகிறேன். தேநீர்க் கடையில் சில்லறையாக ஒரு சிகரெட் வாங்கி, அதையும் நண்பரோடு பகிர்ந்து, தேர்வுக் காலத்திலும் வார இறுதியிலும் மட்டும் புகைக்கும் மாணவர்கள் தங்களைப் புகைப்பவர்களாகவே கருதுவதில்லை. ஆதலால் விழிப்புணர்வுக் கூட்டங்கள் தங்களுக்கானவை அல்ல என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நாளுக்கு ஒன்றே புகைத்தாலும், இருபது புகைப்பவருக்குக் கூடும் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறையப் பாதியளவு கூடுகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியதைச் சொன்னால், நம்ப மறுக்கிறார்கள். தண்டித்தால் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கருத்து.

மாணவப் பருவத்தில் இவ்வாறு புகைத்து, பழக்கம் வேரூன்றும் முன்பே விட்டவர்கள், யாருடைய பேச்சு உங்கள் மனத்தைத் தொட்டது, நண்பர்கள் நீட்டியபோது மறுக்க எது துணைநின்றது என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன். 1800112356 என்ற கட்டணமில்லா ஆலோசனை எண்ணை மாணவர்களுக்காகப் பயன்படுத்தியவர்களின் அனுபவமும் தேவை.