பேக்டிராக்கிங்: ‘பின்வாங்கல்’ சரிவருமா?

> பேக்டிராக்கிங்குக்குத் தமிழில் ‘பின்வாங்கல்’ போதுமே. எளிய சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பின்வாங்கினான் என்றாலே முயற்சியைக் கைவிட்டான் என்றுதான் காதில் விழுகிறது. பேக்டிராக்கிங் என்பது ஒவ்வொரு முடிவாக எடுத்துக்கொண்டே போய், வழி அடைபட்டால் திரும்பி வந்து வேறொன்றை முயலும் நிரலாக்க உத்தி. இதில் நாம் கைவிடுவது கடைசியாக எடுத்த முடிவை மட்டும். அதற்கு முந்தையவை அப்படியே நிற்கும்.

நான்கு ராணிப் புதிரைப் பாருங்கள். 4×4 சதுரங்கப் பலகை, வரிசைக்கு ஒரு ராணி, ஒன்றையொன்று வெட்டக்கூடாது. முதல் ராணி 1ஆம் கட்டத்தில். இரண்டாவதை 3இல் வைத்தால் மூன்றாம் வரிசையில் இடமே இல்லை. உடனே பலகையைக் கலைத்துவிடுகிறோமா? இல்லை, இரண்டாவதை மட்டும் எடுத்து 4இல் வைக்கிறோம். மூன்றாவது 2இல் உட்காருகிறது, நான்காவது முட்டிக்கொள்கிறது. மூன்றாவதற்கு வேறு இடமில்லை, இரண்டாவதற்கும் இல்லை. சரி, முதல் ராணியே 2க்கு நகரட்டும். அப்புறம் 4, 1, 3 என்று மற்றவை தடங்கலில்லாமல் அமர்ந்துவிடுகின்றன.

ஆக, வந்த தடத்திலேயே, வேறு வழி மிச்சமிருக்கும் கடைசிப் பிரிவு வரைக்கும் திரும்பி வருவது. ‘பின்னோக்கித் தேடல்’ என்றால் இலக்கிலிருந்து தொடங்குவதாக ஆகிவிடும். அது வேறு உத்தி. ‘பின்தடமறிதல்’ எனக்கு மோப்ப நாயைத்தான் நினைவூட்டுகிறது.

என் பரிந்துரை ‘தடமீளல்’. மீள் என்பதில் திரும்புவதும் உண்டு, சிக்கலிலிருந்து விடுபடுவதும் உண்டு. இங்கே இரண்டுமே நடக்கிறது. வினையாகவும் வளையும்: ‘இந்த நிலையிலிருந்து தடம் மீள்கிறோம்’. ரிகர்ஷனுக்கு, அதாவது ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பதற்கு, ‘தற்சுழற்சி’ புழக்கத்தில் இருப்பதால் அதனோடும் மோதாது. ‘தடம் புரளல்’ போல ஒலிக்கிறது என்று யாராவது சொல்லக்கூடும், மறுக்கமாட்டேன்.

ஆங்கிலத்திலும் இது புதிதாகச் செதுக்கிய சொல் அல்ல. வந்த வழியே திரும்புவதற்கு ஏற்கெனவே இருந்த சொல்லைத்தான் 1950களில் கணிதவியலாளர் டி. எச். லேமர் இந்த உத்திக்குப் பெயராக்கினார். அதனால் ‘வழிதிரும்பல்’ என்று யாராவது வாதாடினாலும் கேட்கத் தயார்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்: புரூனிங், அதாவது பலன் தராது என்று தெரிந்த தேடல் வழிகளை மேற்கொண்டு பார்க்காமலே விட்டுவிடுவது. எட்டு ராணிகளை வரிசைக்கு ஒன்றாக வைக்க 1,67,77,216 வழிகள், தேறுவது 92தான். உருப்படாத கிளையை முளையிலேயே வெட்டுவதால்தான் தேடல் சீக்கிரம் முடிகிறது. ‘கிளை கழித்தல்’ என்று எழுதினால் கணக்கில் வரும் கழித்தலோடு குழம்பும். தோட்டக்காரர்கள் சொல்லும் ‘கவாத்து’ என்பதையே எடுத்துக்கொள்ளலாமா?